குரல் தேர்வு எதற்கு?

போன வாரம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதுச்சேரியில் பிள்ளைகளுக்கென்று ஒரு சேர்ந்திசைக் குழு தொடங்கப் போகிறார்களாம். 12 வயதிலிருந்து 18 வரை, எந்த மதமும் எந்த மொழியும் சரி. "ஐயா, நீங்க பிரெஞ்சுல படிச்சவராமே, பிரெஞ்சுப் பாட்டுக்கு உச்சரிப்பு சொல்லித் தரணும்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். காப்பி கொடுத்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தைக் காட்டுங்கள் தம்பி என்றேன். வந்தது வினை.

முதல் வரி: அனைவரும் வரலாம். நான்காவது வரி: குரல் தேர்வு உண்டு. அதற்குக் கீழே மாதக் கட்டணம். ஞாயிறு காலை 9 மணிக்குப் பயிற்சி. படிவம் முழுக்க ஆங்கிலம்.

34 வருஷம் அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் படித்தே கண் கெட்டவன் நான். எந்தப் படிவமும் யாரையும் "வராதே" என்று சொல்லாது. அந்த வேலையை நேரமும் கட்டணமும் இணைப்புப் பட்டியலும் சத்தமில்லாமல் செய்துவிடும். ஞாயிறு காலை 9 மணிக்குக் கிறிஸ்தவப் பிள்ளை பூசையில் இருக்கும். வைத்திக்குப்பத்துப் பிள்ளையின் அம்மா மீன் விற்கப் போயிருப்பாள், தம்பி தங்கையை அந்தப் பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடியாக்காரர் பிள்ளைக்கு அந்தப் படிவம் கையிலேயே கிடைக்காது. மிஞ்சுவது யார்? ஏற்கெனவே பாட்டு வகுப்புக்குப் போகிற, வண்டியில் கொண்டுவந்து விடப்படுகிற பிள்ளைகள். அவர்கள் நன்றாகப் பாடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு "எல்லாருக்குமான குழு" என்று பெயர் வைக்காதீர்கள்.

குரல் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். காரணம் இருக்கிறது.

1960களின் தொடக்கம். எனக்குப் பத்து வயதுக்குள்தான். பள்ளி விழாவுக்குப் பாட்டு. பாட்டு வாத்தியார் வரிசையில் ஒவ்வொருவர் வாயருகேயும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது என்று பிரெஞ்சில் சொன்னார். அடிக்கவில்லை, திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னபடியே விழா மேடையில் வாயை அசைத்தேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, நான் பாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு நான் பாடவே இல்லை. பஜனையில் கைதட்டுவதோடு சரி. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் யாரும் இல்லாத ஒரு ராத்திரி அவளைத் தூங்க வைக்கச் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன்!

"சுருதி சேரலேன்னா மேடையில எப்படிய்யா?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய சுருதி? பெண்கள் ஐந்து கட்டையிலும் ஆண்கள் ஒரு கட்டைக்குப் பக்கத்திலும் பாடுவது நமக்குத் தெரிந்ததுதான். பதின்மூன்று பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடையும். நேற்று எட்டிய இடம் இன்றைக்கு எட்டாது. அவனை நிறுத்தி வைத்து, பெட்டியில் ஒரு சுரத்தை அழுத்தி, அதைப் பிடி என்றால் எங்கே பிடிப்பான்? அவனுக்கு எட்டுகிற இடத்தைத் தேடிக் கொடுப்பது சொல்லித்தருகிறவரின் வேலை. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வலையைப் பிடிக்க வந்தவனிடம் யாரும் குரல் தேர்வு வைத்ததில்லை.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்வீர்கள். எம். பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை வைத்துக்கொண்டு பாரதியார் பாட்டுகளையே பல குரலாகப் பிரித்துப் பாட வைத்தாரே? நாங்கள் பள்ளியில் படித்த 'ஃப்ரேர் ஜாக்' ஒரே மெட்டுதான். ஒரு வரிசை தொடங்கி, கொஞ்சம் பொறுத்து அடுத்த வரிசை தொடங்கும், அப்புறம் மூன்றாவது, நான்காவது. பல குரலில் பாடுகிறோம் என்று தெரியாமலே பாடியிருக்கிறோம். (நான் வாயசைத்தேன்.)

அந்தத் தம்பிகளுக்கு ஊக்கம் கொடுத்தது 2004இல் வந்த 'லே கோரிஸ்த்' என்ற பிரெஞ்சுப் படமாம். நல்ல படம், நானும் பார்த்திருக்கிறேன். முரட்டுப் பையன்களைப் பாட வைக்கிற வாத்தியார் கதை. அதில் பாட்டு வராத ஒரு பையனைப் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையில் வைத்துவிடுவார். அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று, அவர்களுடைய நிகழ்ச்சி நிரல். தமிழ் ஒன்று, பிரெஞ்சு ஒன்று, மாஹேக்காக மலையாளம், ஏனாமுக்காகத் தெலுங்கு. அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தந்த உடையில் வந்து பாடிவிட்டு இறங்குவார்கள். இதை நாம் குடியரசு தின விழாவில் வருஷா வருஷம் பார்க்கிறோம். என் மேஜைக்கு இரண்டு பக்கமும் ஒரு மாஹேக்காரரும் ஒரு ஏனாம்காரரும் பல வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது, என் ஊர்ப் பாட்டு அவர்களுக்கும் தெரியாது. மூவரும் நல்ல சிநேகிதர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பகிர்ந்துகொண்டோம்! மாஹே வீட்டுப் பெண் சொல்லித்தர, முத்தியால்பேட்டைப் பையன் நாக்கு சுளுக்கிக்கொண்டு மலையாளம் பாடட்டும். அந்த ஒடியாப் பிள்ளை எல்லாருக்கும் வாத்தியாராக ஒரு நாள் நிற்கட்டும்.

சாமிப் பாட்டுதான் சிக்கல், ஒத்துக்கொள்கிறேன். முல்லா வீதிப் பிள்ளையை முருகன் பாட்டுப் பாடச் சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் தவிர்த்தால் மரம் நடு, தண்ணீர் சேமி என்று சுகாதாரத் துறைப் பாட்டுதான் மிஞ்சும். எனக்குத் தோன்றுவது இது: வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். ஒரு பாட்டில் ஒரு பிள்ளை சும்மா நின்றால், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அது அதுவாக எடுத்த முடிவு. வாத்தியார் காதைக் கொடுத்துக் கேட்டு வாயடைப்பது வேறு.

படிவத்தில் பென்சிலால் நான்காவது வரியை அடித்து, ஓரத்தில் குறிப்பு எழுதி, திருப்பிக் கொடுத்தேன். பழைய பழக்கம். இந்த வரி போனால் வருகிறேன் என்றேன்.

நேற்று தொலைபேசி வந்தது. குரல் தேர்வு இல்லையாம், எந்த வரிசையில் நிற்க வைப்பது என்று பார்க்க மட்டும் ஒரு நாள் கேட்பார்களாம். பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம். படிவம் தமிழிலும் வருகிறது, அதை நானே எழுதித் தருகிறேன். கட்டணம் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். 'பரிசீலனையில்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.