இலக்கம் பேசும், பெயின்ட் மயக்கும்

இத்தாலியின் இமோலா பந்தயத்தில் 1972இல் டுகாட்டி மோட்டார் சைக்கிள்கள் முதலிரண்டு இடங்களையும் வென்றன. அந்தப் பந்தய வண்டியின் சாயலில் 1974இல் வந்த 750 சுப்பர் ஸ்போர்ட் ஏறக்குறைய 400 மட்டுமே செய்யப்பட்டது. அதனால் இன்று அதற்குப் பெரும் விலை. விலை உள்ள இடத்துக்குப் போலியும் வந்துவிடும்.

அதே காலத்து 750 ஜீ.டி. வண்டிக்குப் பச்சைச் சட்டமும் பைபர் கிளாஸ் டேங்கும் கொடுத்தால் பார்வைக்குச் சுப்பர் ஸ்போர்ட்தான். பெயின்ட்டைப் பார்த்து விலை பேசுபவர் அங்கேதான் ஏமாறுகிறார். விடயமறிந்தவர் முதலில் செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. தொழிற்சாலையே அப்படி அடிக்கவில்லை. சுரண்டி மீண்டும் அடித்த அடையாளம் இருக்கிறதா என்பதே கேள்வி. அடுத்தது என்ஜினின் உட்புறம். ஜீ.டி.யில் வால்வை மூடுவது ஸ்பிரிங். சுப்பர் ஸ்போர்ட்டில் அந்த வேலையையும் கேம்தான் செய்கிறது.

இன்னொன்று: தேய்ந்திருந்தாலும் அசல் பெயின்ட்டை அழித்துவிடாதீர்கள். சேகரிப்போர் பலர் அதற்கே கூடுதலாகக் கொடுப்பர்.

அசலைப் போல ஒன்றைச் செய்வது குற்றமல்ல. அப்படிச் சொல்லியே விற்றால் அது நேர்மையான வியாபாரம். மறைத்தால் மோசடி. மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாமறிவோம். புதிய பெயின்ட்டுக்கு அடியில் மாற்றிய இலக்கமும் அதே ஈரம்தான்.

ஆகவே பழைய பொருளை விற்கும் சகோதரர்களே, எந்தப் பாகம் அசல், எது மாற்றியது என்பதை வாங்குபவர் கேட்குமுன் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். இலாபம் சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.