கைவண்ணமும் கணிப்பொறியும்

இது கணிப்பொறி யுகம். மனிதன் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்றான மட்பாண்டக் கலையிலும் கணிப்பொறி நுழைந்துவிட்டது. "இனிக் குயவர் எதற்கு? சக்கரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒருபுறம். "இயந்திரம் செய்வது கலையே அன்று" என்று ஒதுக்குபவர்கள் மறுபுறம். இவ்விரு சாராரின் கூற்றும் சரியன்று என்பதே நமது கருத்து.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாத்திரத்தின் வடிவம் கணிப்பொறித் திரையில் உருவாக்கப்படுகிறது. கணிப்பொறி அதனை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக்கொள்கிறது. முப்பரிமாண அச்சுப்பொறியின் குழாயில் குழைத்த களிமண்ணை நிரப்பி அழுத்தினால், சிறு துளை வழியே மண் திரியாக வெளிவரும். முறுக்குப் பிழியும் நாழியை நாம் அறிவோம் அல்லவா? ஏறக்குறைய அதே முறைதான்! திரி அடுக்கடுக்காகப் படிந்து சுவர் எழும்புகிறது. சக்கரம் தோன்றுவதற்கு முன்பே மனிதர் மண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிப் பானை செய்தனர். புதிய இயந்திரம் அந்தப் பழைய வழியிலேயே நடக்கிறது.

ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறதா? இல்லை. மண் அதிகம் தளர்ந்திருந்தால் சுவர் சரியும். இறுகியிருந்தால் துளை வழியே வராது. காற்றுக் குமிழி ஒன்று சிக்கினால் திரி அறுந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் விரைந்து காய்ந்தால் வெடிப்பு உண்டாகும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். பின்னர் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சில வகை மண்ணாயின் அதற்கும் மேலான வெப்பத்தில், சூளையில் வேக வேண்டும். இவற்றையெல்லாம் மண்ணைப் பிசைந்து பழகிய கையே நன்கு அறியும்.

இதற்குச் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் மைக்கேல் ஈடன் பல ஆண்டுகள் சக்கரத்தில் பாண்டம் வனைந்தவர். அதன் பின்னரே லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்று, கணிப்பொறியின் துணையை நாடினார். பழைய வெட்ஜ்வுட் பாண்டத்தின் சாயலில், உடலெங்கும் துளைகள் நிறைந்த மூடியிட்ட பாத்திரம் ஒன்றைப் படைத்தார். அத்தகைய வடிவத்தைச் சக்கரத்தில் வனைய இயலாது. அந்நாட்டில் வாழும் மற்றொரு குயவரான ஜோனதன் கீப், களிமண் அச்சுப்பொறியைத் தாமே வடிவமைத்து, அதன் செய்முறையை யாவருக்கும் இலவசமாக வழங்கியுள்ளார். இவ்விருவரும் முதலில் குயவர்கள், பிறகே கணிப்பொறியாளர்கள்.

பெல்ஜியம் நாட்டின் 'அன்ஃபோல்டு' என்னும் வடிவமைப்புக் குழு 2010-ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தது. பார்வையாளர் லேசர் ஒளிக்கற்றையில் கையை அசைத்தால், திரையில் சுழலும் பாத்திரம் அதற்கேற்ப வளையும். பின்னர் அவ்வடிவத்தை இயந்திரம் மண்ணில் செய்யும். வியப்புத்தான்! ஆயினும் அங்கே கை காற்றில்தான் அசைகிறது. மண்ணின் ஈரமும் இறுக்கமும் அந்தக் கைக்குத் தெரிவதில்லை.

குயவரின் பிழைப்பு என்னாகும் என்று சிலர் கவலைப்படலாம். அது நியாயமான கவலையே. ஆனால் ஒரே வகையான கோப்பைகளை ஆயிரக்கணக்கில் வார்க்கும் ஆலைகள் நெடுங்காலமாகவே உள்ளன. இந்த அச்சுப்பொறியோ ஒவ்வொன்றாக, மெல்லச் செய்வது. குயவரின் கையில் கிடைத்தால் அது அவருக்கு மற்றுமொரு கருவியாகும்.

தோழியரே, இது தொலைதேசத்துச் செய்தி மட்டுமன்று. கணிப்பொறிக்கு நேரம் வேண்டும் என்பதற்காகக் கைவேலை வகுப்பைக் குறைக்கும் பள்ளிகள் உண்டு. மதிப்பெண் தராத பாடம் எதற்கு என்று பெற்றோரில் சிலரும் எண்ணுகின்றனர். களிமண்ணையோ ஊசி நூலையோ தொட்டறியாத மாணவி, திரையில் எத்தனை அழகாக வரைந்தாலும், அது நிற்குமா, சரியுமா என்று எப்படி அறிவாள்? எனவே கணிப்பொறியை நாம் ஆர்வத்துடன் கற்போம். அதற்காகக் கைவேலை வகுப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நம் ஆசிரியைகளையும் அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் அன்புடன் வேண்டுகிறோம். கை முதலில் கற்கட்டும். கருவி அதற்குத் துணை நிற்கட்டும்!