ஆற்றங்கரைப் பெண்ணுக்குக் கடற்படைப் பயிற்சி எதற்கு?

தேசிய மாணவர் படை என்றவுடன் நம் தஞ்சைப் பகுதியில் யாவர் நினைவுக்கும் வருவது காக்கிச் சீருடையும் அணிவகுப்பும்தான். அதே படையில் வெண்ணிறச் சீருடை அணிந்த கடற்படைப் பிரிவு ஒன்று உண்டு, அதில் உயர்நிலைப் பள்ளி மாணவியரும் சேரலாம் என்று சொன்னால், "நெல் விளையும் ஊரில் கப்பல் எதற்கு? நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் பெற்றோரே மிகுதி. இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். சுவாமிமலையைப் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் வளரும் பெண்களுக்குத்தான் இப்பயிற்சி மிகவும் தேவை என்பது என் துணிபு.

ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மாணவர் படை நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே பெண்கள் பிரிவு தோன்றியது. 1950இல் விமானப் பிரிவும் 1952இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது இப்படையின் குறிக்கோள். பள்ளி மாணவியர் இரண்டாண்டுகள் பயிற்சி பெற்று 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம்.

கடற்படைப் பிரிவு என்றால் அருகில் கடல் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். கடலே இல்லாத இமாசலப் பிரதேசத்தில், பக்ரா அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பிலாஸ்பூரில் இப்பிரிவு இயங்குகின்றது. கடற்படைப் பிரிவினருக்கான அகில இந்திய முகாம் விசாகப்பட்டினம், கார்வார் ஆகிய துறைமுக நகரங்களில் நடந்ததுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைமீதுள்ள லோனாவாலாவிலும் நடந்ததுண்டு. 2024ஆம் ஆண்டில் இப்பிரிவு மாணவ மாணவியர் கான்பூரிலிருந்து கொல்கத்தா வரை கங்கை ஆற்றிலேயே பாய்மரப் படகில் பயணம் செய்தனர். கங்கைக்குப் பொருந்தியது காவிரிக்குப் பொருந்தாதா? காவிரியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தண்ணீர் வரும் மாதங்களில் அதன் அருகே வாழ வேண்டியவர்கள் நாம்தாமே!

இனி, அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள் என்று பார்ப்போம். அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், சுகாதாரம் ஆகியவற்றுடன் நீச்சல், துடுப்பு வலித்தல், பாய்மரப் படகு செலுத்துதல், கயிற்று முடிச்சுகள், கொடிச் சைகை, கப்பல் மாதிரி செய்தல் ஆகியவை உண்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றில் போட்டிகளும் நடைபெறும்.

கயிற்று முடிச்சைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. 'போலைன்' என்று ஒரு முடிச்சு. அதைப் போட்டால் கயிற்றின் நுனியில் ஒரு வளையம் உண்டாகும். எவ்வளவு இழுத்தாலும் அந்த வளையம் இறுகாது, அவிழவும் அவிழாது. மாட்டின் கழுத்தில் கட்டும் கயிறு எப்படியிருக்க வேண்டும் என்று மாடு வளர்க்கும் வீட்டாருக்குத் தெரியும். மாட்டைக் காக்கும் அந்த அறிவே, நீரில் தத்தளிக்கும் மனிதரைக் கரை சேர்க்கவும் பயன்படுகின்றது.

கொடிச் சைகையில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளைக் கையில் ஏந்தி, கைகளின் கோணத்தாலேயே எழுத்துகளைக் காட்ட வேண்டும். கைப்பேசிக் காலத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். எதிரே நிற்பவள் காட்டும் ஒவ்வோர் எழுத்தையும் கண் கொட்டாமல் பார்த்து, ஊகம் சேர்க்காமல், கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் இதனால் வருகின்றது. பாடம் படிப்பதற்கும் இதைவிட நல்ல பழக்கம் வேறென்ன வேண்டும்?

கப்பல் மாதிரி செய்வதோ நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலையாக வேண்டும். தென்னை ஓலையை நறுக்கி மடித்து, அந்த மடிப்புகளையே அளவாகக் கொண்டு மெழுகில் உருவம் பிடிக்கும் ஸ்தபதிகள் வாழும் ஊர் இது. பெரிய கப்பலின் நீள அகலங்களைச் சிறிய மாதிரியில் விகிதம் மாறாமல் கொண்டுவருவதும் அத்தகைய வேலையே. சிலையில் விகிதம் தவறினால் அழகு கெடும். கப்பலில் தவறினால் மிதக்காது.

போட்டிகளில் நான் மிகவும் மதிப்பது துடுப்புப் போட்டியை. 'வேலர்' என்னும் படகில் ஐவர் துடுப்பு வலிப்பர். ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஐவரில் ஒருத்தி மட்டும் பலசாலியாக இருந்து தன் விருப்பப்படி வேகமாக வலித்தால் படகு முன்னே போகாது, திரும்பும். வகுப்பில் முதல் மாணவி, கடைசி மாணவி என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சுக்கான் பிடிப்பவளின் குரலுக்கு ஆறு பேரும் ஒருவராக வேண்டும். தனித்தனியே மதிப்பெண் வாங்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமன்றோ?

ஆயினும் போட்டியைப் பற்றி ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். எந்தப் போட்டியானாலும், சுறுசுறுப்பான பத்துப் பேரைத் தேர்ந்து அவர்களுக்கே ஆண்டு முழுவதும் பயிற்சி தருவதும், மற்றவர்கள் ஓரத்தில் நின்று கைதட்டுவதும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. சுழற்கோப்பை அலுவலக அலமாரியில் ஒளிவிடும். கைதட்டியவர்கள் ஒன்றும் கற்றிருக்கமாட்டார்கள். ஓட்டப் பந்தயத்தில் இது சிறு குறை. நீச்சலில் இது பெருங்குறை. ஏனெனில் வேகமாக நீந்துபவளை ஆறு இழுப்பதில்லை. நீந்தவே தெரியாதவளைத்தான் இழுக்கின்றது.

இங்கேதான் பெற்றோரிடம் மனம் விட்டுப் பேச விரும்புகிறேன். நான் பாடம் நடத்தும் வகுப்பொன்றில், நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். உயர்ந்தவற்றை எண்ண ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. இத்தனைக்கும் காவிரியும் அரசலாறும் கொள்ளிடமும் வாய்க்கால்களும் குளங்களும் சூழ்ந்த நாடு நம்முடையது! இந்த மாணவியரின் பாட்டிமாருள் பலர் ஆற்றிலே குளித்து, ஆற்றிலே நீந்தி வளர்ந்தவர்கள். வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது; நல்லதுதான். ஆனால் அதனுடன் பெண்களின் நீச்சலும் போய்விட்டது. ஆற்றை விட்டு நாம் விலகினோமே தவிர, ஆறு நம்மை விட்டு விலகவில்லை. ஆடிப்பெருக்கு நாளில் குடும்பத்தோடு அங்கேதான் போகிறோம். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்க, பழைய ஆறு என்று எண்ணிக் கால் வைக்கிறோம்.

நீரில் மூழ்கிய செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் தவறி விழுவார். அவரைக் காப்பாற்ற அக்காள் இறங்குவாள். அக்காளைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார். ஓர் உயிர் போக வேண்டிய இடத்தில் மூன்று உயிர் போகும். உயிர்காக்கும் பயிற்சியில் சொல்லித்தரும் முதல் பாடமே, குதிக்காதே, கரையிலிருந்து கயிற்றையோ கழியையோ நீட்டு என்பதுதான். கயிறு இல்லாவிட்டால் புடவையை வீசு என்பதை ஒரு பெண் அறிந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாதிருக்கும்!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நல்ல பழமொழி. ஆனால் ஆழத்தைத் தெரிந்துகொள்ளவே கூடாது என்று அது சொல்லவில்லையே!

கடலைப் பற்றிய அறிவும் அப்படியே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் ஆழிப்பேரலை சூறையாடியதை நாம் மறக்க முடியாது. அந்த அலைக்கு முன் நீச்சலில் தேர்ந்தவரும் தப்பவில்லை. ஆனால் அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நீர் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டு, அண்மையில் பூகோள வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். கரையிலிருந்தவர்கள் உடனே அகன்று உயிர் பிழைத்தனர். படித்ததைத் தக்க நேரத்தில் நினைத்த பிள்ளையும், பிள்ளையின் சொல்லுக்குச் செவி சாய்த்த பெற்றோரும் சேர்ந்து செய்த காரியம் அது.

பெற்றோர் சொல்லும் தடைகள் சிலவற்றையும் பார்ப்போம். படிப்புக் கெடும் என்பர். வாரத்தில் சில மணி நேரப் பயிற்சியால் கெடும் படிப்பு, தொலைக்காட்சியாலும் கைப்பேசியாலும் முன்னமே கெட்டிருக்கும். வெயிலில் நின்றால் நிறம் கறுத்துவிடும், பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்பர். நாற்றங்கால் பறித்து நடவு நடும் பெண்களின் உழைப்பில் உண்ணும் நாம் இதைச் சொல்லலாமா? வெளியூர் முகாமுக்கு எப்படித் தனியே அனுப்புவது என்பர். இந்தக் கவலை நியாயமானது. உடன் செல்லும் ஆசிரியை யார், தங்குமிடம் எது, படகில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவைச் சட்டை உண்டா என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள்; விடை திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். கேளாமலே மறுத்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு அங்கே எதிர்காலம் உண்டா என்றும் கேட்கலாம். 1992ஆம் ஆண்டில்தான் மருத்துவம் தவிர்ந்த பிற பணிகளிலும் பெண் அதிகாரிகளை இந்தியக் கடற்படை சேர்க்கத் தொடங்கியது. 2020இல் அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023இல் ஒடிசாவின் சில்காவில் ஆண்களோடு பெண்களும் மாலுமிப் பயிற்சி முடித்து வெளிவந்தனர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, ரூபா என்ற இருவர் மட்டுமே புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். ரூபாவின் தந்தை தமிழ்நாட்டவர்; தாயார் புதுச்சேரியைச் சேர்ந்தவர். கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையும் ஒரு பெண்தானே!

எல்லாரும் கடற்படையில் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடற்படைப் பிரிவு நம் பள்ளிக்குக் கிடைக்க விண்ணப்பமும் முயற்சியும் காலமும் வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் மூன்று உண்டு. கோடை விடுமுறையில், தகுந்த பெண் பயிற்சியாளரைக் கொண்டு ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லா மாணவியருக்கும் நீச்சல் கற்பிக்கலாம். உடற்பயிற்சி வேளையில் நான்கு முடிச்சுகளையும் கயிறு வீசுவதையும் பழக்கலாம். ஆண்டு விளையாட்டு விழாவில், வேகமாக நீந்திய ஒருத்திக்குத் தரும் கேடயத்தோடு, நீந்தக் கற்றவர்கள் மிகுதியாக உள்ள வகுப்புக்கும் ஒரு கேடயம் தரலாம். அருட்சகோதரியர் மனம் வைத்து, பெற்றோர் துணை நின்றால் இவை கூடாத காரியங்கள் அல்ல.

தங்கைகளே, வீட்டில் அனுமதி கேட்கத் தயங்காதீர்கள். பெற்றோரே, அடுத்த முறை மேட்டூர் அணை திறந்து நம் ஊர்ப் படித்துறையைத் தண்ணீர் தொடும்போது, உங்கள் பெண் அதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அசட்டுத் துணிவு கொள்ளவும் வேண்டாம். அறிந்தவளாய் நிற்கட்டும்.