வழக்கு இல்லை என்றால் குற்றமே இல்லையா?



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மென்பொருள் வேலை கிடைத்துக் குடும்பத்துடன் இங்கிலாந்து செல்லவிருக்கிறார். அங்கே எந்த ஊரில் வீடு பார்ப்பது என்று பத்து நாட்களாகக் கணினியின் முன் அமர்ந்து ஆராய்ந்தார். எந்தப் பகுதியில் எத்தனை திருட்டு, எத்தனை அடிதடி பதிவாயிற்று என்பதை 2011 முதல் மாதந்தோறும் வரைபடமாகவே அந்நாட்டுக் காவல்துறை மக்கள் பார்வைக்கு வைக்கிறது. அதை நம்மிடம் காட்டிவிட்டு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், நம்ம சங்கரன்கோவில்ல எந்தத் தெரு எப்படின்னு இந்த மாதிரி பார்க்க முடியுமா?" நாம் வாய் திறக்கும் முன்பே அருகில் இருந்த ஜமாஅத் பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "நம்ம ஊருக்கு எதுக்குப்பா அதெல்லாம்? இங்க என்ன நடந்துபோச்சு?"

அந்தப் பதிலை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம். பெரியவர் மீது நமக்கு மரியாதை உண்டு. அவர் சொன்ன சொல்லின் மீது இல்லை.

நாமும் இந்த ஊரை நேசிப்பவர்கள்தாம். ஆடித்தபசுக்குக் கடல்போல் கூட்டம் திரண்டாலும் தாங்கிக்கொள்ளும் ஊர் இது. விசைத்தறி இரவிலும் ஓயாது, விடியுமுன்பே பூச்சந்தை விழித்துவிடும். ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் நேரம் இங்கே குறைவு. இரவு பதினொரு மணிக்கு ரயிலிறங்கி நாம் தனியே வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறோம், ஒருபோதும் அஞ்சியதில்லை. ஆனால் அப்படி நடந்து வந்தவர் யார்? தாடியும் தொப்பியுமாக, தெருவில் பாதிப் பேருக்குப் பழக்கமான, நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆண். டியூஷன் முடிந்து மாலை ஏழு மணிக்குத் திரும்பும் பெண் பிள்ளையிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? தனியாக வீட்டில் இருக்கும் மூதாட்டியிடம் கேட்டிருக்கிறோமா? ஊர் பாதுகாப்பானது என்று நாம் சொல்லும்போது யாருக்குப் பாதுகாப்பானது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

"அரசுக் கணக்கைப் பாருங்கள், நம் பக்கம் குற்றம் குறைவு" என்பார் சிலர். கணக்கு எப்படி உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் என்பதுதான் அதில் வரும் குற்ற விகிதம். எத்தனை குற்றங்கள் நடந்தன என்பதை அது சொல்வதில்லை. எத்தனை வழக்குகள் எழுதப்பட்டன என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் பெரியது மட்டுமே எண்ணப்படும். வழக்கு கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள் என அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது.

2020இல் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைப் போலப் பல மடங்காயிற்று. அந்த ஆண்டு தமிழர்கள் எல்லாம் கொள்ளையர்களாகிவிட்டார்களா என்ன? ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டார்கள். அவ்வளவுதான். கேரளம் பல ஆண்டுகளாகக் குற்ற விகிதப் பட்டியலின் மேல்வரிசையில் நிற்கிறது. புகார் கொடுக்க மக்கள் தயங்காததும், கொடுத்தால் பதிவு செய்யப்படுவதும் அதற்குப் பெரிய காரணங்கள். எண்ணிக்கை உயர்ந்தால் ஊர் கெட்டது என்பது தவறு. எண்ணிக்கை குறைந்தால் ஊர் நல்லது என்பதும் அதே தவறுதான்.

இங்கிலாந்தில் இதை உணர்ந்துதான் 1982 முதல் இன்னொரு கணக்கும் எடுக்கிறார்கள். வீடு வீடாகச் சென்று, "உங்களுக்கு ஏதேனும் குற்றம் இழைக்கப்பட்டதா? புகார் கொடுத்தீர்களா, இல்லையா?" என்று கேட்கிறார்கள். காவல்துறை தரும் எண்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று 2014 ஜனவரியில் அவற்றின் தேசியப் புள்ளிவிவரத் தகுதியையே நீக்கினார்கள். நம் முஹல்லாவில் அப்படி ஒருவர் கதவைத் தட்டிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு விதவைச் சகோதரியின் கதவை நாமே தட்டியிருந்தால் வந்திருக்கக்கூடிய பதில் இது. "உங்கள் மகன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவை அணைக்கக் கூடாது, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்" என்று தொலைபேசியில் ஒருவன் மிரட்டியிருக்கிறான். மகளின் நிக்காஹுக்குச் சேர்த்த பணம் மூன்று தவணைகளில் போய்விட்டது. அப்படி ஒரு கைது இந்நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்திருந்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முயன்றிருப்பார்கள். அவரோ எட்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. சவூதியில் இருக்கும் மகன் திட்டுவான், தெருவில் சிரிப்பார்கள் என்ற அச்சம். எட்டாம் நாள் நம் வீட்டாரிடம் அழுதார். வழக்கு இன்றுவரை இல்லை. அரசுக் கணக்கில் அந்தக் குற்றம் நடக்கவே இல்லை.

திருட்டுகளின் கதியும் இதுதான். இருசக்கர வாகனம் தொலைந்து காவல் நிலையம் செல்பவருக்குப் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாமும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. கைதுக்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையையும் தருகிறது. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு அதற்காகத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதும் இல்லை.

நாம் அஞ்சுவதே இல்லை என்று சொல்லவில்லை. அஞ்சுகிறோம், ஆனால் அஞ்ச வேண்டாதவர்களைப் பார்த்து. தறிக்கூடத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி நம் தெருவில் நடந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள், ஷேர் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் யாரென்று கேளாமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை இந்த வதந்திதான் அடித்துக் கொன்றது. இங்கிலாந்தில் 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி முஸ்லிம் அகதி என்று பொய் பரப்பினார்கள். மறுநாளே அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வதந்தியின் கல் பள்ளிவாசல் மீது விழுந்தபோது நாம் கொதித்தோம். அதே கல்லை நம் கைப்பேசியிலிருந்து அன்றாடம் எறிகிறோம். செய்தி கொண்டு வருபவனை விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நமக்கு இது வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? போக்சோ சட்டத்தின் கீழான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பாடம் சொல்லிக்கொடுப்பவர். கடைசியில் சொன்ன வகையில் நம்மைப் போன்றவர்களும் அடங்குகிறோம். அதை மழுப்பாமல் எழுதுகிறோம்.

இனிச் சொல்லப்போவது நம் குற்றம். பல ஆண்டுகளுக்கு முன், 2012இல் போக்சோ சட்டம் வருவதற்கும் முன், நாம் இளம் ஆசிரியராக இருந்த ஓர் ஊரில் ஒருவன் மீது இத்தகைய புகார் வந்தது. பிள்ளையின் தந்தை ஜமாஅத்திடம் வந்தார். இரவு இஷாவுக்குப் பின் கூடினார்கள். அந்த அமர்வில் நாமும் இருந்தோம். காவல் நிலையம் போனால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும், ஊர் மானம் போய்விடும் என்றார்கள். ஒருவர், முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்திலமைந்த ஹதீஸை நினைவூட்டினார். அவன் அன்றிரவே ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தந்தை எழுந்து சென்றபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது: வேறோர் ஊரில் அவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நாம்தான் அவனை அங்கே அனுப்பிவைத்தோம்.

அந்த ஹதீஸுக்கு ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) தரும் விளக்கத்தை அன்று நாம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லும் அளவுக்குக் கிதாபு ஓதியிருந்தோம். மறைக்கத் தக்கது, பிறருக்குத் தீங்கு செய்வதாக அறியப்படாத ஒருவரின் கடந்துபோன சறுக்கல். தீங்கும் சீர்கேடும் உடையவனை மறைக்காமல் அதிகாரத்தில் இருப்பவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவரது விளக்கம். மறைத்தால் அவன் இன்னும் துணிவான் என்பதையும் அவர் காரணமாகக் காட்டுகிறார். மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது உயர்குடி என்பதால் பரிந்துரைக்க வந்த உஸாமா (ரலி) அவர்களிடமே நபி (ஸல்) அவர்கள் கோபம் கொண்டார்கள். தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்னும் நிஸா அத்தியாயத்தின் 148ஆவது வசனம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கிறது. நம் அமர்வுகளிலோ அவரைத்தான் முதலில் வாய்மூடச் சொல்கிறோம்.

இன்று சட்டமும் தெளிவாக இருக்கிறது. போக்சோ 19ஆம் பிரிவின்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 21ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ் இருப்பவரின் செயலை மறைத்தால் ஓராண்டு வரை. மதரஸா நிர்வாகி, ஹிஃப்ழ் விடுதி நடத்துபவர் எவருக்கும் விலக்கு இல்லை. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும் என்ற அச்சமும் வேண்டாம். பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர் சீருடை அணியாமல் வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது.

"இதையெல்லாம் வெளியே சொன்னால், நம்மை வெறுப்பவர்கள் நம் சமுதாயத்தையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களே" என்ற வாதத்தை அற்பமானது என்று நாம் ஒதுக்கவில்லை. அப்படிச் செய்வார்கள். ஆனால் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராதர்ஹாம் சாட்சி. அதுவும் இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரம்தான். 1997க்கும் 2013க்கும் இடையே அங்கே ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்டில் அலெக்ஸிஸ் ஜே அளித்த அறிக்கை மதிப்பிட்டது. காவல்துறை அந்தப் பிள்ளைகளை நம்பவில்லை. நகரசபை கண்ணை மூடிக்கொண்டது. அறியவந்த குற்றவாளிகளில் பெரும்பான்மையினர் பாகிஸ்தானிய வம்சாவளியினர். அச்சமூகத்தோடு பேச அதிகாரிகள் உறுப்பினர்களையும் இமாம்களையுமே அதிகம் நம்பியிருந்தார்கள், பெண்களிடம் நேரடியாகக் கேட்கவில்லை என்பதையும் அறிக்கை குறித்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தக் கொடுமையின் பெரும்பகுதி எந்தக் குற்றப் பட்டியலிலும் ஏறவில்லை. பிறகு உண்மை வெளிவந்தபோது, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் குடும்பங்களின் வாசலில் வெறுப்பு வந்து நின்றது. மானத்தைக் காப்பதாகச் சொல்லி மறைத்தவர்கள் அந்த நாளை நிறுத்த முடியவில்லை.

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் கேட்கிறோம். சொத்துத் தகராறையும் தம்பதியர் மனத்தாங்கலையும் பேசித் தீருங்கள், அது நற்செயல். பிள்ளைகளின் உடல் மீதான குற்றத்தைப் பேசித் தீர்க்க உங்களுக்கு ஷரீஅத்திலும் உரிமை இல்லை, சட்டத்திலும் இல்லை. பணம் இழந்த பெண்ணைக் கேலி செய்யாமல் 1930ஐ அழைத்துக் கொடுக்க முஹல்லாவுக்கு இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் நகையைப் பீரோவில் பூட்டிவிட்டுத் தவக்குல் என்று சொல்லாமல், காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

மாணவருக்கு நாம் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "நம்ம ஊருக்கு அப்படி ஒரு படம் இல்லை தம்பி. வரைஞ்சா அதுல பாதிப் புள்ளிய வைக்க நாமளே விடமாட்டோம்." அவர் சிரிக்கவில்லை.

சென்ற மாதம் நம் மதரஸா வாசலில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை வைத்தோம். குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, பண மோசடிக்கு 1930. இரண்டாம் நாள் ஒரு சகோதரர் வந்து, வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இங்கே ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைப்பார்கள், எடுத்துவிடுங்கள் ஹஜ்ரத் என்றார். பலகை அங்கேயேதான் இருக்கிறது.