காற்றில் வரும் பயிர் நோய்

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 10 மணி நேரத்தில் சுமார் 41 செ.மீ. மழை கொட்டியது. தெருக்களிலும் வீடுகளிலும் புகுந்த வெள்ளம் நாடு முழுவதும் செய்தியானது. ஆனால், இத்தகைய மழை ஓய்ந்த பின் ராமநாதபுரம் மாவட்ட வயல்களில் தொடங்கும் இன்னொரு பாதிப்பு செய்தியாவதில்லை. மேகமூட்டம் விலகாத பகல், பனி இறங்கும் இரவு, காலையில் வெகுநேரம் ஈரம் காயாத இலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நெற்பயிரில் குலைநோய்க்கு வழி பிறக்கிறது.

குலைநோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. இலையில் அது ஏற்படுத்தும் கண் வடிவப் புள்ளி ஒவ்வொன்றும் ஈரமான இரவுகளில் ஆயிரக்கணக்கான வித்துகளை வெளியிடுகிறது. அவை காற்றில் மிதந்து பக்கத்து வயல்களை அடைகின்றன. விழுந்த இலையில் பல மணி நேரம் ஈரம் நீடித்தால் முளைத்து உள்ளே புகுகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய புள்ளி தோன்றும். அதிலிருந்து மீண்டும் வித்துகள் கிளம்பும். கதிர் வெளிவரும் பருவத்தில் கழுத்துப் பகுதி தாக்கப்பட்டால் மணி பிடிக்காமல் கதிர் பதராகிவிடும். விவசாயியின் கண்ணில் புள்ளி படும்போது அடுத்த சுற்றுப் பரவல் தொடங்கியிருக்கும். ஆகவே, எந்த மருந்தைத் தெளிப்பது என்பதைவிட எப்போது தெளிப்பது என்பதே முக்கியம்.

ராமநாதபுரத்திற்கு இது கூடுதல் கவலை. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 827 மி.மீ.; அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை தருவது. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் உள்ளிட்ட பகுதிகளில் மானாவாரியாக நேரடி விதைப்பில் நெல் விளைகிறது. பெரும்பாலான வயல்களில் ஆண்டுக்கு ஒரே போகம்தான். பயிர் வளர்ந்து கதிர் பிடிக்கும் காலமும், ஈரமும் பனியும் மிகுந்த காலமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த ஒரு போகம் போனால் அந்த ஆண்டே போயிற்று.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. பழ அழுகல் நோயின் வித்துகளை மழைத்துளியின் தெறிப்பு பரப்புகிறது. சாம்பல் நோயோ, மழை விட்டு வறண்ட காலத்தில் காற்றின் வழியே பரவுகிறது. ஆக, மழைக்கு ஒரு நோய், வெயிலுக்கு ஒரு நோய். பொத்தாம்பொதுவான அறிவுரை இங்கே பயன் தராது.

காற்றின் போக்கை வைத்து நோய் வருகையைக் கணிப்பது புதிய எண்ணம் அல்ல. புகையிலையைத் தாக்கும் நீலப் பூஞ்சண நோய் 1950-களின் இறுதியில் மேற்கு ஐரோப்பாவில் தோன்றி, சில ஆண்டுகளிலேயே அக்கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அமெரிக்கா, கனடா நாடுகளின் புகையிலைத் தோட்டங்கள் 1979-இல் பேரிழப்பைச் சந்தித்தன. அந்நோயின் வித்துகள் சுடும் வெயிலில் மடியும். மேகமூட்டத்தில் நெடுந்தொலைவு பிழைத்துச் செல்லும். நோயுள்ள தோட்டத்திலிருந்து காற்று எத்திசையில் வீசுகிறது, வழியில் வெயிலா மேகமா, சேருமிடத்தில் மழை உண்டா என்று கணக்கிட்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் முன்னெச்சரிக்கை வழங்கினர்.

நம் நாட்டிலும் முன்னோடி ஆய்வுகள் உண்டு. கோதுமைத் துரு நோயின் வித்துகள் சமவெளியின் கோடையில் அழிந்து, மலைகளில் பிழைத்திருந்து காற்றின் வழியே திரும்புகின்றன என்பதை ஆக்ராவைச் சேர்ந்த கே.சி.மேத்தா சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே எடுத்துக்காட்டினார். நீலகிரி, பழனி மலைகளிலிருந்து தண்டுத் துரு நோயின் வித்துகள் மத்திய இந்தியாவுக்குச் செல்வதில் வங்கக் கடலின் புயல்களுக்கும் பங்கு உண்டு என்பதை எஸ்.நாகராஜன் முதலானோர் 1970-களில் விளக்கினர். தமிழகத்தைக் கடக்கும் புயலை வைத்து வடக்கே விளையும் கோதுமையின் நோயைக் கணிக்க முடிந்தது என்றால், அதே புயலின் பாதையில் கிடக்கும் நெல் வயலுக்குக் கணிப்பது இயலாத செயலா?

நடப்பதோ நேர்மாறு. வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளி தோறும் வெளியாகிறது. அதை மாவட்டத்திற்குக் கீழே கொண்டுசெல்ல வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைக்கப்பட்ட 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024-இல் நாடெங்கும் கைவிடப்பட்டன. கடலோர ஈரப்பதமும் உள்நாட்டு வறட்சியும் சில கிலோமீட்டர் இடைவெளியில் மாறுபடும் மாவட்டத்திற்கு, ஒட்டுமொத்த முன்னறிவிப்பு மட்டும் போதாது.

காப்பீடும் முழுக் கவசம் அல்ல. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு போன்றவற்றுக்குத் தனித்தனி வயல்களின் சேதம் மதிப்பிடப்படுகிறது. நோய்த் தாக்குதலால் நேரும் இழப்போ, அப்பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் கணக்கில் வரும். ஊரில் பாதி வயல்கள் தப்பி, மீதி பதரானால் நொந்தவருக்கு உரிய இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

செய்ய வேண்டியது பெருஞ்செலவுள்ள பணி அல்ல. குறுவட்டம் தோறும் ஈரப்பதம், இரவு வெப்பநிலை, இலை ஈரம் நீடிக்கும் நேரம் ஆகியவற்றை அளக்க வேண்டும். காற்றில் மிதக்கும் வித்துகளைப் பிடித்து எண்ணும் பொறிகளைச் சில இடங்களிலாவது நிறுவ வேண்டும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இத்தரவுகளைக் கொண்டு நோய்க் கணிப்பை உருவாக்கலாம். தெளிப்பு தேவையில்லாத வாரத்தையும் அது சொல்ல வேண்டும். விவசாயியின் செலவும் மண்ணில் சேரும் நஞ்சும் அதனால் குறையும்.

கடலுக்குச் செல்லும் மீனவருக்காகப் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. அதே காற்று கரையேறி வயலுக்குள் நுழையும்போது விவசாயிக்கும் ஓர் எச்சரிக்கை கிடைக்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் அதற்கான பணியை அரசு தொடங்க வேண்டும்.