தாய்மாரைக் கேட்டார்களா?

அங்கன்வாடி கட்டுவதென்றால் பல ஊர்களில் முதலில் தேடுவது புறம்போக்கு நிலத்தைத்தான். அது ஏரிக்கரையாக இருக்கலாம். பெரிய சாலைக்கு அப்பாலும் இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நடக்க வேண்டியவள் தாய். அவளை யாரும் கேட்பதில்லை.

1975 அக்டோபர் 2ஆம் நாள், நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, முன்பருவக் கல்வி என்று, தாய் கருவுற்றது முதல் குழந்தைக்கு ஆறு வயது ஆகும்வரை குடும்பத்துக்குத் துணை நிற்பது இதன் நோக்கம். குடும்பத்துக்காக ஏற்பட்ட நிலையத்தில் குடும்பத்தின் சொல்லுக்கு இடமில்லை என்றால் அது நியாயமா?

"படிக்காத பெண்களுக்குத் திட்டம் போடத் தெரியுமா?" என்று சிலர் கேட்பார்கள். இதற்குத் தமிழ்நாடு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. உலக வங்கி உதவியுடன் 1980இல் இங்கே தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து குழந்தைகளுக்கான சத்துணவைத் தயாரித்தார்கள். செய்யத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தெரியாதா?

களையெடுக்கப் போனவள் எத்தனை மணிக்குத் திரும்புவாள், எந்தக் கிணறு திறந்து கிடக்கிறது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தத் தெருவுக்குள் வரத் தயங்குகிறார்கள் – இவை வரைபடத்தில் தெரியா, தாய்மாருக்குத் தெரியும்.

புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று 2022இல் ஏற்பாடாயிற்று. அங்கன்வாடியின் இடத்தையும் நேரத்தையும் அந்தச் சபையில், கூலிக்குப் போகும் பெண்களும் வரக்கூடிய வேளையில் வைத்துக் கேட்கலாமே! கேட்ட பிறகு கடைக்கால் தோண்டட்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?