சோறில்லாத ஆறு வாரம்



தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சென்ற மாதம் எனக்குக் கிடைத்தது. அவருடைய பதினொரு வயது மகனுக்கு இரண்டு வருடமாக வயிற்றுவலி. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ‘கேஸ்’ என்றார்கள். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாட்டுச் சொல்கிறான் என்றும் சொன்னார்கள். கடைசியில் கண்டிக்கு அனுப்பி, குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் புண்கள் இருப்பது தெரிந்தது. குரோன் நோய் என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு வைத்தியர் சொன்ன சிகிச்சைதான் தாயைக் குழப்பிவிட்டது. ஆறு முதல் எட்டு வாரம் வரை சோறு, ரொட்டி, கறி ஒன்றும் கூடாதாம். கரைத்துக் குடிக்கும் ஒரு விசேட மாவும் தண்ணீரும் மட்டும்தானாம். “புள்ளைய பட்டினி போட்டா சீக்கு போயிருமா?” என்று மாமியார் ஏசுகிறாராம். “இது உண்மையான வைத்தியமா, தோட்டத்து ஆட்கள் என்று எங்களை ஏய்க்கிறார்களா?” என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

இது உண்மையான வைத்தியம்தான். பிள்ளைகளுக்கு வரும் குரோன் நோய் பலவற்றில் முதலாவதாகக் கொடுக்கப்பட வேண்டியது இதுவே என்று ஐரோப்பியச் சிறுவர் குடல்நோய் வைத்தியர்களின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டியும், அதனைத் திருத்தி வெளியிட்ட அடுத்த வழிகாட்டியும் கூறுகின்றன. ஸ்டெரொயிட் மாத்திரையும் வீக்கத்தை அடக்கும். ஆனால் வளருகின்ற பிள்ளையின் உயரத்தை அது தடுக்கும். இத்தாலியில் 37 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வொன்று 2006 இல் வெளிவந்தது. திரவ உணவு மட்டும் குடித்தவர்களில் 100 க்கு 74 பேரின் குடற்புண் ஆறியிருந்தது. ஸ்டெரொயிட் எடுத்தவர்களில் 33 பேருக்கே ஆறியது.

இந்த நோயை 1932 இல் நியூயோர்க்கில் குரோன் என்ற வைத்தியரும் அவருடைய இரு சகாக்களும் விபரித்தார்கள். நோயெதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால், வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் புண் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வருவது அதிகம். இலங்கையில் இது அரிது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் செய்த கணக்கெடுப்பொன்றில் இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்ததாக 2010 இல் எழுதியிருந்தார்கள். இவ்வளவு அரிதான நோய் உடனே பிடிபடாததில் வியப்பில்லை. குடலில் வரும் காசநோயும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். இரண்டையும் திசுப் பரிசோதனையால் எப்படிப் பிரித்தறிவது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1999 இலேயே எழுதியிருக்கிறார்கள். காசநோயை குரோன் என்று நினைத்து ஸ்டெரொயிட் கொடுத்துவிட்டால் காசம் பரவும். ஆகவே சோதனைக்கு மேல் சோதனை எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருவோம். இது பட்டினியே அல்ல. அந்த மாவில் புரதம், மாச்சத்து, கொழுப்பு, விற்றமின், உப்புகள் எல்லாம் பிள்ளைக்குத் தேவையான அளவில் இருக்கின்றன. சாதாரணமாக ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கலோரி வரும்படி கரைப்பார்கள். பதினொரு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் குடிக்க வேண்டியிருக்கும். சரியான அளவை வைத்தியர்தான் சொல்வார். எலும்பாய் மெலிந்த பிள்ளைக்கு முதல் நாளே முழு அளவையும் கொடுத்தால் இரத்தத்திலுள்ள உப்புகள் குழம்பி ஆபத்தாகிவிடும். அதனால் ஆரம்ப நாட்களில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. திரிபோஷாவையோ கடைப் பால்மாவையோ கரைத்துக் கொடுத்தாலும் இதே பலன் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அவை நல்லவைதான், ஆனால் அந்த வேலைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

சோற்றை நிறுத்தினால் புண் ஏன் ஆற வேண்டும்? இங்கேதான் குடலிலுள்ள கிருமிகளின் கதை வருகிறது. நமது பெருங்குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் உண்டதில் செரிக்காமல் மிஞ்சுவதே அவற்றின் சாப்பாடு. பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை. குரோன் நோயாளரிடம் அவற்றுள் நல்லதென்று பெயரெடுத்த ஒரு வகை குறைந்திருப்பதை 2008 இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் கண்டனர். திரவ உணவினால் அந்த நல்ல கிருமி பெருகித்தான் புண் ஆறுகிறது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் மலத்தைச் சோதித்து 2014 இல் வெளியிட்டபோது கண்டது நேர்மாறாக இருந்தது. பிள்ளை தேறிக்கொண்டு வர, அந்த நல்ல கிருமியும் குறைந்துகொண்டே போயிருந்தது. அவ்வளவு சத்தும் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கீழே குடியிருப்பவற்றுக்குச் சாப்பாடு போய்ச் சேருவதில்லை. கிருமிகள் அடங்குகின்றன, அவற்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த குடலும் அடங்குகிறது என்பது ஒரு விளக்கம். முழு விளக்கம் இன்னும் தேடப்படுகிறது. பட்டினி என்று சொல்வதானால் அது பிள்ளைக்கல்ல, கிருமிகளுக்குத்தான் என்று அந்த மாமியாரிடம் சொல்லலாம்!

பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் கிருமிகளும் திரும்பி வருகின்றன. பல பிள்ளைகளுக்கு மலத்தில் வீக்கத்தைக் காட்டும் அளவும் சிறிது சிறிதாக ஏறுகிறது. ஆகவே இது நோயை அடக்கும் சிகிச்சை, வேரோடு பிடுங்குவதல்ல. தொடர்ந்து எடுக்கும்படி தரும் மாத்திரையைப் பிள்ளை நன்றாகிவிட்டான் என்று நிறுத்தக் கூடாது. நல்ல கிருமி என்று போத்தலில் விற்கப்படுபவற்றை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். குரோன் நோய்க்கு அவை உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

கடிதம் எழுதிய தாய்க்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, “ஒரு பிடி சோறுதானே” என்று யாரும் ஒளித்துக் கொடுக்க இடம் வைக்காதீர்கள் என்பதே. இங்கிலாந்தில் 50 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2006 இல் வெளியிட்டார்கள். முழுவதும் திரவ உணவே குடித்தவர்களில் 100 க்கு 42 பேருக்கு நோய் அடங்கியது. பாதி திரவம், பாதி வழக்கமான சாப்பாடு என்று எடுத்தவர்களில் 15 பேருக்கு மட்டுமே அடங்கியது. பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஊட்டும் கைதான் சிகிச்சையைக் கெடுத்துவிடுகிறது. லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் கருவாடு பொரிக்கும்போது பிள்ளை ஏங்கத்தான் செய்யும். முடிந்தால் அவன் கண்ணெதிரே மற்றவர்கள் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதித்தாறிய தண்ணீரில் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரையுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் காலையில் மொத்தமாகக் கரைத்து வைத்துவிட்டு மலைக்குப் போவது சரிவராது. வீட்டில் இருப்பவருக்குக் கரைக்கப் பழக்கிவிடுங்கள். வகுப்பாசிரியரிடமும் விசயத்தைச் சொல்லி வையுங்கள். குடிக்கவே முடியாத பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்தும் கொடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

மாவின் விலைதான் பெரிய மலை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் எட்டு வாரத்துக்கு இதை வாங்குவது என்பது சொல்லும்போது எளிது. ஆஸ்பத்திரி எவ்வளவு தரும், நாங்கள் எவ்வளவு வாங்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் வந்து, மூன்றாம் வாரத்தில் மா தீர்ந்து நிறுத்துவதுதான் நட்டம். ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. இஸ்ரேலிலும் கனடாவிலும் 78 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினருக்குப் பாதி திரவம் கொடுத்து, மறுபாதிக்குத் தெரிந்தெடுத்த வீட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். கோழியிறைச்சி, முட்டை, சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் அதில் இருந்தன. கோதுமை மா, பால், டின்னிலும் பைக்கற்றிலும் வருபவை விலக்கப்பட்டன. அந்தப் பிரிவின் 40 பேரில் 39 பேர் தாக்குப்பிடித்தார்கள். திரவம் மட்டும் குடித்த 38 பேரில் 28 பேரே தாக்குப்பிடித்தார்கள். ஆறாவது வாரத்தில் நோய் அடங்கியவர்களின் அளவில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு காணப்படவில்லை. காலையும் மாலையும் கோதுமை ரொட்டியில் வாழும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி. ஆனால் வைத்தியரைக் கேளாமல் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குவதும் அவர் சொல்லும் ஒழுங்கில், கொஞ்சம் கொஞ்சமாகவே.

மற்றத் தாய்மாருக்கும் ஒன்று. 2016 ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 100 க்கு 17 பேர், தோட்டப் பகுதியில் 32 பேர். குட்டையான பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன இடத்தில், நோயினால் வளராத பிள்ளை கண்ணில் படுவதில்லை. மாதக்கணக்கில் வயிற்றுவலி, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், ஆறாத வாய்ப்புண், மலவாசலில் வெடிப்பு அல்லது கட்டி, காரணமில்லாத காய்ச்சல், மூட்டுவலி இவற்றில் ஏதாவது இருந்து உயரமும் நிறையும் நின்றுபோயிருந்தால், இன்னொரு தடவை பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்து, பள்ளியில் அளந்த உயரத்தையும் நிறையையும் திகதியோடு ஒரு தாளில் எழுதி, பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டையும் கையில் கொண்டு போங்கள்.